துருவேறிய திருகு

இரும்பை உறுதிக்கு உவமையாகக் கூறுவது நம் வழக்கம். இரும்பு நெஞ்சம் என்கிறோம். இரும்புக் கரம் என்கிறோம். ஆயினும் அத்தகைய இரும்பையும் ஓசையின்றித் தின்று தீர்க்கும் பகை ஒன்று உண்டு. அதுதான் துரு. அதற்குப் படையும் வேண்டா, கருவியும் வேண்டா, காற்றும் நீரும் இருந்தால் போதும். அந்தத் துரு பழைய மோட்டார் வண்டி ஒன்றின் அடிப்பாகத்தில் குடியேறி, அங்குள்ள திருகுகளைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டால், அவற்றை விடுவிப்பது எப்படி என்பதைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இது பட்டறையில் பேச வேண்டிய பேச்சு அன்றோ, மாணவர்களாகிய எங்களுக்கு இதனால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். பயன் இரண்டு உண்டு. உராய்வு, நெம்புகோல், வெப்ப விரிவு, நுண்புழை ஏற்றம் என்று பாடப் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாகப் படித்தவையெல்லாம் ஒரே திருகில் ஒன்றுகூடி நிற்பதை இங்கே காணலாம். இது முதற்பயன். தாத்தாவின் காலத்து அம்பாசடர் கொட்டகையில் நிற்கும் வீடுகள் நம் நாட்டில் இன்றும் பல. விடுமுறையில் அதனைத் தம் கையாலேயே செப்பனிட வேண்டும் என்ற ஆவல் இளைஞர் சிலருக்கு எழுகிறது. ஆவல் நல்லதே. ஆனால் முறையறியாத ஆவல் உயிருக்கே ஊறாக முடியும். ஆகவே முறையை அறிவது இரண்டாவது பயன்.

அம்பாசடர் வண்டியையே நமக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையைத் தழுவி, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 1958 முதல் 2014 வரை உருவாக்கப்பட்ட வண்டி அது. அதன் பின்பக்கத்துப் பாரத்தைத் தாங்குபவை பட்டைவிற்கள். லீப் ஸ்பிரிங் என்றும், வெறுமனே பட்டை என்றும் பட்டறைகளில் அவற்றைக் கூறுவர். இவை மோட்டாருக்கு முற்பட்டவை. குதிரை வண்டிகளுக்கான வில் ஒன்றுக்கு 1804-ஆம் ஆண்டிலேயே ஓபதையா எலியட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றார்.

பட்டைவில்லின் அமைப்பு எளியது. நீண்டும் குறுகியும் உள்ள எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் மிக நீண்ட பட்டையின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். இவ்வளையத்தைக் கண் என்பர். முன்கண் ஒரு போல்ட்டினால் வண்டியின் உடலோடு பிணைக்கப்படுகிறது. பின்கண்ணோ நேராகப் பிணைக்கப்படாமல், ஷாக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பின் வழியாகத் தொங்குகிறது. பாரம் ஏறும்போது வளைந்த வில் நிமிர்ந்து சற்றே நீள்கிறது அல்லவா? அந்த நீட்சிக்கு இடம் கொடுக்கவே இந்த ஊசல். வில்லின் நடுப்பகுதி, யூ-போல்ட் எனப்படும் இரண்டு வளைந்த ஆணிகளால் பின்னச்சோடு இறுகக் கட்டப்பட்டிருக்கும். ஆக, வில்லைக் கழற்ற வேண்டுமானால் யூ-போல்ட்டின் நட்டுகள், முன்கண் போல்ட்டு, ஷாக்கிளின் நட்டுகள் ஆகிய மூவகைத் திருகுகளும் நமக்கு வழிவிட வேண்டும். சக்கரம் வாரி இறைக்கும் சேற்றிலும் மழைநீரிலும் ஆண்டுக்கணக்காக நனைந்த அவை எளிதில் வழிவிடுவதில்லை.

ஏன் வழிவிடுவதில்லை? இதனை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

பள்ளியில் மூன்று சோதனைக் குழாய்களில் மூன்று ஆணிகளை இட்டுச் செய்யும் சோதனை உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்றில் ஈரமற்ற காற்று; ஒன்றில் காய்ச்சிக் காற்றை அகற்றி மேலே எண்ணெய் மிதக்கவிட்ட நீர்; மற்றொன்றில் சாதாரண நீரும் காற்றும். மூன்றாவது குழாயிலுள்ள ஆணியே துருப்பிடிக்கும். நீரும் ஆக்சிஜனும் கூடினால்தான் துரு பிறக்கிறது என்பது அதன் பாடம். உப்பு சேருமானால் இவ்வினை மேலும் விரைவுபடும். கடலோர ஊர்களில் ஓடிய வண்டிகள் விரைவில் துருவேறுவது இதனாலேயே. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் கடற்காற்றின் அரிப்போடு நூறாண்டுக்கு மேல் போராடி, 2022 டிசம்பரில் ரயில்களுக்கு மூடப்பட்டதை நீங்கள் அறிவீர்கள்.

ஆனால் துரு இரும்பைத் தின்பது மட்டும் அன்று. தான் பருக்கவும் செய்கிறது. இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்த பருமனைப்போல் இரு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கிறது. திறந்த வெளியில் இருக்கும் தகட்டில் இது செதிலாக உதிர்ந்துவிடும். போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளியில் அது எங்கே உதிரும்? நீர் அந்த இடுக்கினுள் நுண்புழை ஏற்றத்தால் ஏறித் தங்குகிறது. அங்கே துரு பிறக்கிறது. பிறந்த துரு இடம் போதாமல் இருபுறமும் நெருக்குகிறது. ஆப்பு அடித்து இறுக்கியது போல் நட்டு சிக்கிக்கொள்கிறது.

இந்த நிலையில் வலிமையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். துருவே இல்லாத புதிய திருகிலும், நாம் செலுத்தும் முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஆணியை இழுத்து இறுக்கப் பயன்படுகிறது. எஞ்சியது முழுவதும் உராய்வை வெல்லவே செலவாகிறது. துரு ஏறிய பிறகு அந்த உராய்வு பன்மடங்காகிறது. அதனை வெல்ல ஸ்பேனரின் பிடியில் நீண்ட குழாய் ஒன்றைச் செருகி நெம்புவார்கள். நெம்புகோல் விதிப்படி, பிடியின் நீளம் 25 சென்டிமீட்டரிலிருந்து 50 சென்டிமீட்டர் ஆனால் முறுக்கு இரட்டிப்பாகும். ஆனால் போல்ட்டின் வலிமை இரட்டிப்பாவதில்லை. துரு அரித்த அளவுக்கு அது மெலிந்தும் இருக்கிறது. முடிவில் நட்டு சுழல்வதற்கு முன் போல்ட்டு முறிகிறது. அல்லது நட்டின் முனைகள் மழுங்கிப் பிடிப்பின்றிப் போகின்றன.

ஸ்பேனரைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஆங்கிலேய வடிவத்தில் பிறந்த பழைய அம்பாசடரில் அங்குல அளவுத் திருகுகளைக் காணலாம். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அதில் பொருந்துவது போலவே தோன்றும். அந்த 0.3 மில்லிமீட்டர் தளர்ச்சி சாதாரண நட்டில் குற்றமாகத் தெரியாது. துருவேறிய நட்டிலோ முனைகளை மழுக்கிவிடப் போதுமானது. சரியான அளவுள்ள, ஆறு முகங்களையும் முழுமையாகப் பற்றும் சாக்கெட்டே இதற்கு உரியது.

திருகைத் தொடுவதற்கு முன் வண்டியைத் தூக்கி நிறுத்த வேண்டும். மாணவர்களே, இந்தப் பேச்சில் நீங்கள் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இப்பகுதியாக இருக்கட்டும்.

ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு உரியது. தாங்கி நிற்பதற்கு உரியது அன்று. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஜாக்கியில் ஒரு சிறு ரப்பர் வளையம் பழுதானால் போதும். ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட வண்டி கீழே இருப்பவர்மேல் இறங்கிவிடும். ஆகவே உறுதியான சமதரையில், வண்டிக்கென அமைந்த இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் அதனை நிறுத்த வேண்டும். செங்கல்லும் உள்ளீடற்ற சிமெண்டுக் கல்லும் உதவா. அவை பாரத்தைத் தாங்குவது போல் நின்று, முன்னறிவிப்பின்றி நொறுங்கும் இயல்புடையவை. கழற்றிய சக்கரத்தை வண்டியின் உடலுக்கு அடியில் படுக்க வைப்பது இரண்டாவது காப்பு.

இன்னொரு நுட்பமும் உண்டு. இவ்வண்டியில் கைப்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பற்றுகிறது. கியரும் பின்சக்கரங்களோடுதான் தொடர்புடையது. பின்புறத்தைத் தூக்கிவிட்டால் தரையில் நிற்பவை முன்சக்கரங்கள் மட்டுமே. அவற்றைத் தடுக்க எதுவும் இல்லை. எனவே தூக்குவதற்கு முன்பே முன்சக்கரங்களின் இருபுறமும் கட்டை கொடுத்துவிட வேண்டும். பிறகு பின்னச்சின் கீழ் வேறொரு ஜாக்கியை வைத்து, அச்சின் எடையை அது தாங்குமாறு செய்ய வேண்டும். வளைத்த வில் விடுபட்டால் அம்பை எறிகிறது. அழுத்தத்தில் இருக்கும் பட்டையும் அத்தகையதே. அதன் அழுத்தம் தணிந்த பிறகே திருகைத் தளர்த்தலாம். அடியில் படுத்து வேலை செய்யும்போது துருத்தூள் கண்ணில் விழும். ஆகவே கண்ணாடி அணியாமல் படுக்கலாகாது. தனித்திருந்து செய்வதும் தகாது. கூப்பிட்ட குரலுக்கு வர ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

இனித் திருகுக்கு வருவோம். முதல் வேலை துடைப்பது. கம்பித் தூரிகையால் மரையில் படிந்த சேற்றையும் செதிலையும் நன்றாகத் தேய்த்து அகற்ற வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் துரு இருந்தால், நட்டு இடையில் மீண்டும் சிக்கும். இரண்டாவது வேலை எண்ணெய் இடுவது. கெட்டியான எண்ணெய் இதற்கு ஆகாது. இடுக்கில் ஊடுருவிச் செல்லும் நீர்த்த எண்ணெயே வேண்டும். துரு இளக்கும் எண்ணெய் என்றே கடைகளில் அது கிடைக்கிறது. நீர் எந்த நுண்புழை ஏற்றத்தால் உள்ளே சென்று துருவை விளைத்ததோ, அதே வழியில் எண்ணெயும் உள்ளே செல்கிறது. ஆனால் அதற்குக் காலம் வேண்டும்.

நான் பணியாற்றிய ஊரில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி ஒருவர் துருவேறிய வண்டி வந்தால் அன்று அதில் கை வைக்கமாட்டார். மாலையில் எல்லாத் திருகுகளுக்கும் எண்ணெய் விட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஒருநாள் காரணம் கேட்டேன். “எண்ணெய் விட்டாச்சு சார். ராத்திரி முழுக்க அது வேலை செய்யட்டும், காலையிலே நான் செய்யறேன்” என்றார். நான் வகுப்பில் நுண்புழை ஏற்றத்தைப் பற்றி எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன்; அதற்கு இதைவிட நல்ல விளக்கத்தைக் கேட்டதில்லை. ஓரிரவு போதாவிட்டால் இரண்டு மூன்று நாள்கள், காலையும் மாலையும் எண்ணெய் விட்டுவரலாம்.

மூன்றாவது வேலை தட்டுவது. துரு கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மையது. போல்ட்டின் தலையில் சுத்தியலால் அளவாகப் பலமுறை தட்டினால் அதில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். அவற்றின் வழியே எண்ணெய் மேலும் உட்புகும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழி இங்கே முழுதும் பொருந்தும். ஒரே பேரடியில் மரை நசுங்கும். பல சிற்றடிகளில் துரு உடையும். மரையுள்ள முனையில் தட்ட நேர்ந்தால், நட்டை முனைவரை திருகி வைத்து, அதன்மேல் தட்டுவது மரையைக் காக்கும்.

பிறகே ஸ்பேனர். நேராகத் தளர்த்தும் பக்கம் முயலாமல், முதலில் இறுக்கும் பக்கமாக மிகச் சிறிதளவு அசைத்துப் பார்க்க வேண்டும். எப்பக்கம் அசைந்தாலும் துருவின் பிடி உடைந்தது என்றே பொருள். பின்னர்க் கால் சுற்றுத் தளர்த்துதல், சற்றே திரும்ப இறுக்குதல், எண்ணெய் விடுதல், மீண்டும் தளர்த்துதல் என்று போக வேண்டும். ஒரே மூச்சில் சுற்றினால் உதிர்ந்த துருத்தூள் மரையில் அடைத்து மறுபடி சிக்கவைக்கும். ஸ்பேனரைத் தள்ளுவதைவிடத் தம்பக்கம் இழுப்பது நலம். திடீரென நழுவினால் விரல் முட்டிகள் இரும்பில் மோதா.

சூடேற்றினால் என்ன என்று அறிவியல் படித்த மாணவன் கேட்பான். நல்ல கேள்வி. எஃகு, வெப்பம் ஒரு செல்சியஸ் டிகிரி ஏறும்போது, தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு விரிகிறது. அரை அங்குல அளவுள்ள நட்டின் துளை 300 டிகிரி சூடேறினால் சுமார் 0.045 மில்லிமீட்டர் அகலும். மிகச் சிறிய அளவுதான். ஆயினும் துருவின் பிடியை நெகிழச் செய்ய அது போதும். பட்டறைகளில் இம்முறையைக் கையாள்வதும் உண்மை. ஆனால் வீட்டில் இது கூடாது. பெட்ரோல் தொட்டி இருப்பது பின்புறத்தில். பிரேக் குழாய்கள் செல்வதும் அங்கேயே. கண்களின் உள்ளே இருப்பது ரப்பர். நாம் ஊற்றியதோ எளிதில் தீப்பற்றும் எண்ணெய். இவை அனைத்திற்கும் மேலாக, பட்டைவில் பக்குவமாகச் சூடேற்றிக் குளிர்விக்கப்பட்ட எஃகு. அதன்மேல் தீ பட்டால் அந்தப் பதம் கெட்டு, பின்னர் ஓடும்போது உடையக்கூடும். தெரிந்த வழி எல்லாம் செய்யத்தக்க வழி ஆகாது.

எல்லா முறைகளையும் கையாண்ட பின்னும் அசையாத திருகு உண்டு. முன்கண் போல்ட்டு அத்தகையது. பல வண்டிகளில் கண்ணினுள் ரப்பர் புஷ்ஷும், அதன் நடுவே ஓர் எஃகுக் குழலும் இருக்கும். போல்ட்டு அந்தக் குழலோடு துருவால் ஒன்றிவிடும். நட்டு கழன்று வந்தாலும் போல்ட்டு வெளியே வராது. திருகினால் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு மீள்கிறது. எவ்வளவு வலிமையும் இங்கே வீண்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது, எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்பதே. அம்பாசடருக்கு லாரியைப் போல் தனியான அடிச்சட்டம் இல்லை; வண்டியின் உடலே சட்டமாகவும் அமைந்தது. வில் மாட்டப்பட்டுள்ள தாங்கி அந்த உடலோடு ஒட்டவைக்கப்பட்ட உறுப்பு. போல்ட்டோ எளிதில் மாற்றக்கூடியது. சிறு விலை உடையது. அந்தச் சிறு ஆணியைக் காக்க எண்ணிப் பெருஞ்சுத்தியலால் அடித்துத் தாங்கியைக் கிழிப்பவர் உண்டு. அறிவுடையோர் ஹாக்ஸா வாளின் அலகைக் கண்ணுக்கும் தாங்கிக்கும் இடையே நுழைத்து, இருபுறமும் போல்ட்டை அறுத்து, வில்லை இறக்குவர். அரை நாள் ஆகலாம். ஆனால் தாங்கி பிழைக்கும். யூ-போல்ட்டுகளையும் அவ்வாறே கருத வேண்டும். அவை நன்றாகக் கழன்று வந்தாலும் மீண்டும் பூட்டாமல் புதியவற்றையே பூட்டுவது முறை.

இத்தனை பாடுபட்டுப் பிரிக்கத்தான் வேண்டுமா, ஓடும்வரை ஓடட்டும் என்று விட்டால் என்ன என்று சிலர் கேட்பர். அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன். அமெரிக்காவில் ஓகையோ ஆற்றின்மேல் வெள்ளிப் பாலம் என்ற தொங்கு பாலம் ஒன்று இருந்தது. 1967 டிசம்பர் 15-ஆம் நாள் மாலை, வண்டிகள் நிறைந்திருந்த வேளையில், அது முழுவதும் சரிந்து ஆற்றில் விழுந்தது. 46 பேர் மாண்டனர். பாலத்தைத் தாங்கிய எஃகுப் பட்டைகளுள் ஒன்றின் கண்ணில், அரிப்பும் அழுத்தமும் சேர்ந்து விளைத்த சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழமுள்ள வெடிப்பே அதற்குக் காரணம் எனக் கண்டனர். இணைப்பைப் பிரித்தாலன்றி அந்த வெடிப்பு கண்ணுக்குப் புலப்படாது. நம் வண்டியின் வில்லும் கண்ணில்தான் தொங்குகிறது. துருவும் வெடிப்பும் மறைந்திருப்பது இணைப்பினுள்ளேதான். எனவே கழற்றிய பட்டைகளைத் துடைத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். வெடிப்பு இருந்தாலும், ஆழமாக அரித்திருந்தாலும் அதனை விலக்கிவிட வேண்டும். வில்லைத் தாங்கும் இடத்தில் உடலின் தகடே துருவால் சல்லடையானால், அது நம் கைக்கு அப்பாற்பட்ட வேலை. தேர்ந்த பட்டறைக்காரரிடம் ஒப்படைப்பதே கடமை.

புளியும் எலுமிச்சையும் துருவைக் கரைக்கும் என்பதைச் சமையலறையில் கண்டிருப்பீர்கள். சாதாரணச் சிறு உறுப்புகளை அவற்றில் ஊறவைத்துக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவலாம். வில்லின் பட்டைகளை மட்டும் அமிலத்தில் இடலாகாது. அமிலம் இரும்போடு வினைபுரியும்போது பிறக்கும் ஹைட்ரஜன் கடினமான எஃகினுள் புகுந்து அதனை நொறுங்கச் செய்யும்.

திரும்பப் பூட்டும்போது, அடுத்த முறை கழற்றப் போகிறவரை நினைத்துப் பூட்ட வேண்டும். மரையைத் துடைத்து, சிக்காமல் காக்கும் கிரீஸ் சிறிது பூசலாம். ஆனால் வழுவழுப்பு ஏறிய மரையில் அதே முறுக்கு போல்ட்டை மிகுதியாக இழுக்கும் என்பதை மறவாமல், வண்டியின் கையேடு கூறும் அளவை அறிந்து இறுக்க வேண்டும். கண்களின் போல்ட்டுகளை இறுதியாக இறுக்குவது, வண்டி தன் சக்கரங்களில் நின்ற பிறகே. அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் புஷ் என்றும் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் யூ-போல்ட்டின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை சோதிப்பது நன்று.

மாணவர்களே, கையால் செய்யும் தொழிலைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. எழுதும் கை உயர்ந்தது, எண்ணெய் படிந்த கை தாழ்ந்தது என்று கருதுவோர் உள்ளனர். துருவேறிய ஒரு நட்டின் முன் உட்கார்ந்து பார்த்தால் அந்த எண்ணம் அகலும். அங்கே மனப்பாடம் செல்லாது, செல்வாக்குச் செல்லாது, ஆத்திரம் ஒருபோதும் செல்லாது. ஏன் சிக்கியது என்று கேட்டு அறிந்து, அதற்கு ஏற்றதைச் செய்து, காத்திருப்பவனுக்கே நட்டு கழலும். உங்கள் வீட்டில் பழைய மிதிவண்டி ஒன்று இருந்தால், அதன் துருப்பிடித்த திருகு ஒன்றிலிருந்து தொடங்குங்கள். இன்று மாலை எண்ணெய் விடுங்கள்; நாளைக் காலை ஸ்பேனரை எடுங்கள்.